விசைக்குள் ஓர் ஒளிக்கற்றை

கணினி விளையாட்டுக்கென்று தனியாக விற்கப்படும் விசைப்பலகைகளின் பெட்டிகளில் அண்மைக்காலமாக அடிக்கடி தென்படும் பெயர் 'ஆப்டிக்கல் சுவிட்ச்' என்பதாகும். விரல் விசையை அழுத்தியதா இல்லையா என்பதை இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டுக்கொள்வதைக் கொண்டு அறியாமல், ஓர் ஒளிக்கற்றையின் வழியை மறிப்பதையோ திறப்பதையோ கொண்டு அறியும் இந்த அமைப்பு, ஒளியின் வேகத்தில் இயங்குவதாக விளம்பரங்களில் பெருமை பேசப்படுகிறது. ஒளி வேகமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு விசைக்குள் அது கடக்கவேண்டிய தொலைவு சில மில்லிமீட்டர் மட்டுமே என்பதையும், ஒரு நொடியை லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் மூன்று மில்லிமீட்டரைக் கடக்க அதற்குப் பத்துக் கூறுகளே போதும் என்பதையும், செம்புக் கம்பியில் செல்லும் மின்குறிப்பும் அப்படியொன்றும் நத்தை வேகத்தில் ஊர்வதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விளம்பரம் சொல்லும் அந்தக் காரணத்தால் ஒரு விசைப்பலகை மற்றொன்றை முந்திவிட இயலாது என்பது விளங்கும். ஆப்டிக்கல் சுவிட்சுக்கு மெய்யான நன்மை ஒன்று உண்டு. அதை அறிய, அது எதற்கு மாற்றாக வந்தது என்பதை முதலில் காணவேண்டும்.

அலுவலகங்களில் புழங்கும் மலிவான விசைப்பலகைகளில் ரப்பர் குமிழ்களும், அவற்றின் அடியில் மின்கடத்தும் கோடுகள் அச்சிட்ட மெல்லிய நெகிழித் தாள்களும் இருக்கும். விளையாட்டாளர்கள் விரும்பி வாங்குவது மெக்கானிக்கல் விசைப்பலகையை. இதில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சுவிட்ச் உண்டு. அந்தச் சிறு பெட்டிக்குள் மேலும் கீழும் நகரும் ஒரு நெகிழித் தண்டும், அதை மேலே தள்ளும் சுருள்வில்லும், பக்கவாட்டில் இரண்டு உலோகத் தகடுகளும் இருக்கும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களின் முற்பகுதியில் உருவாக்கிய எம்எக்ஸ் சுவிட்ச் இவ்வகைக்கு இலக்கணமாக அமைந்தது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பின் சீனாவின் கெய்ல், கேட்டரான் முதலிய நிறுவனங்களும் அதே வடிவில் சுவிட்சுகளைச் செய்யத் தொடங்கின. எம்எக்ஸ் வரிசையில் விளையாட்டாளர்களிடையே புகழ்பெற்ற சிவப்பு வகையில் விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் கீழிறங்கும்; பாதி வழியில், அதாவது 2 மில்லிமீட்டரில், தகடுகள் தொட்டுக்கொள்ள, எழுத்து பதிவாகும்.

சிக்கல் இந்தத் தொடுதலில்தான் இருக்கிறது. உலோகத் தகடு உலோகத்தின் மீது மோதும்போது, தரையில் விழுந்த கோலிக்குண்டு இரண்டு மூன்று முறை துள்ளி அடங்குவதைப் போல, அதுவும் மிகக் குறுகிய நேரத்துக்குள் பல முறை தொட்டும் விலகியும் அதிர்ந்த பிறகே நிலைகொள்கிறது. மனிதக் கண்ணுக்கோ விரலுக்கோ இது தெரியாது. ஆனால் ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை விசைகளின் நிலையைச் சோதித்துப் பார்க்கவல்ல கட்டுப்பாட்டுச் சில்லுக்கு இத்துள்ளல் முழுதும் தெரியும். ஒருமுறை அழுத்திய எழுத்தை அது மூன்று முறை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கவேண்டுமானால், துள்ளல் அடங்கும்வரை காத்திருந்து, நிலைத்துவிட்ட முடிவை மட்டுமே ஏற்கவேண்டும். பொறியாளர்கள் 'டிபவுன்ஸ்' என்று குறிப்பிடும் இந்தக் காத்திருப்பு, விசைப்பலகைகளைத் தாமே வடிவமைத்துக்கொள்வோர் பரவலாகப் பயன்படுத்தும் கியூஎம்கே என்ற திறந்தமூல மென்பொருளில், வேறு மாற்றம் செய்யாதவரை, 5 மில்லி விநாடி என்று வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு மில்லி விநாடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

காலம் செல்லச் செல்லத் தகட்டின் மீள்தன்மை குறைவதும், தொடும் இடத்தில் தூசியோ துருவின் மெல்லிய படலமோ படிவதும் துள்ளலை நீட்டிக்கின்றன. அது வகுத்துவைத்த காத்திருப்பு நேரத்தையும் தாண்டும்போது, ஒரு முறை தட்டிய எழுத்து திரையில் இரண்டாக விழத் தொடங்குகிறது. தொடும் முனைகளில் பொன் கலந்த உலோகத்தைப் பயன்படுத்தித் துருவைத் தள்ளிப்போடலாமே தவிர, இரண்டு உலோகங்கள் மோதுகின்றவரை இந்த நோய்க்கு முழு மருந்து கிடையாது. பழைய மெக்கானிக்கல் விசைப்பலகையை வைத்திருப்போரின் முதன்மையான புகாரும் இதுவே.

ஆப்டிக்கல் சுவிட்ச் இந்த மோதலையே அகற்றிவிடுகிறது. சுவிட்சின் அடியில், மின்சுற்றுப் பலகையின் மேல், ஒருபுறம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை உமிழும் மிகச்சிறிய எல்.இ.டி. விளக்கும், மறுபுறம் அந்த ஒளியை உணரும் போட்டோ டிரான்சிஸ்டரும் பொருத்தப்படுகின்றன. விசை மேலே இருக்கும்போது தண்டின் ஒரு பகுதி இரண்டுக்கும் இடையே திரையாக நிற்கிறது. விசை இறங்கும்போது தண்டில் உள்ள திறப்பு ஒளியின் பாதைக்கு நேராக வந்து, ஒளி மறுபுறம் சென்று சேர்கிறது. சில நிறுவனங்கள் இதையே தலைகீழாக, அழுத்தும்போது ஒளி மறிபடும்படி அமைக்கின்றன. எவ்வாறாயினும் எதனோடும் எதுவும் மோதாததால் துள்ளல் இல்லை. துள்ளல் இல்லாததால் காத்திருப்பும் தேவையில்லை. ஆப்டிக்கல் சுவிட்ச் மிச்சப்படுத்தும் நேரம் அந்தக் காத்திருப்பு நேரமே.

ஒளியால் விசையை அறியும் எண்ணம் 1960களிலேயே தோன்றியது. 1980களிலும் அவ்வகை விசைப்பலகைகள் செய்யப்பட்டன. விளையாட்டுச் சந்தைக்கு அதை மீட்டுக்கொண்டுவந்தவை ஏ4டெக் நிறுவனத்தின் பிளடி வரிசையும், 2016இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டித் தன் முதல் விசைப்பலகையை உருவாக்கிய நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனமும் ஆகும். 2018இல் ரேசர் நிறுவனம் ஹன்ட்ஸ்மேன் என்ற விசைப்பலகையை வெளியிட்ட பிறகே இது பரவலாகப் பேசப்பட்டது. 2020இல் கோர்சேர் நிறுவனமும் கே100 என்ற தன் விலையுயர்ந்த விசைப்பலகையில் ஆப்டிக்கல் சுவிட்சை வைத்தது.

இனி, இந்த 5 மில்லி விநாடி ஆட்டத்தில் என்ன மாற்றத்தை உண்டாக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். விரலின் அசைவு திரையில் தெரிவதற்குள் பல கட்டங்களைத் தாண்டவேண்டியிருக்கிறது. விசைப்பலகை தன் நிலையைக் கணினிக்கு நொடிக்கு எத்தனை முறை அறிவிக்கிறது என்பது முதற்கட்டம்: சாதாரணப் பலகைகளில் 125 முறை, அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை, விளையாட்டுப் பலகைகளில் பொதுவாக 1000 முறை, அண்மையில் வந்த சிலவற்றில் 8000 முறை. பின்னர் விளையாட்டு மென்பொருள் அதைக் கணக்கில் எடுத்துப் புதிய காட்சியை வரையவேண்டும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 17 மில்லி விநாடியும், 240 முறை புதுப்பிக்கப்படும் திரையில் 4 மில்லி விநாடிக்குச் சற்று மேலும் கழிகின்றன. எதிரியைக் கண்ட கண்ணிலிருந்து விரலுக்குக் கட்டளை வந்து சேர மனித உடல் எடுத்துக்கொள்வதோ ஏறத்தாழ 200 மில்லி விநாடி. 60 முறைத் திரையை வைத்துக்கொண்டு ஆப்டிக்கல் விசைப்பலகை வாங்குபவர் பணத்தைத் தவறான இடத்தில் செலவிடுகிறார் என்றே சொல்லவேண்டும்.

வேகத்தில் மற்றொரு கூறு பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. ரேசரின் 2019ஆம் ஆண்டுச் சிவப்பு ஆப்டிக்கல் சுவிட்சும் கோர்சேரின் சுவிட்சும் 1 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்தைப் பதிவுசெய்கின்றன. விரல் நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்குவதாகக் கொண்டால், 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பதில் 1 மில்லிமீட்டரிலேயே பதிவு நிகழ்வதால் 5 மில்லி விநாடி மிச்சமாகிறது. டிபவுன்ஸ் காத்திருப்பைத் தவிர்ப்பதால் கிடைக்கும் ஆதாயத்துக்கு இது ஈடானது. பயனாளர் உணரும் வேகத்தில் ஏறத்தாழப் பாதி, ஆக, ஆழக்குறைவினால் வருவது. ஆழத்தைக் குறைப்பதற்கு ஒளி தேவையில்லை. செர்ரியின் ஸ்பீட் சில்வர் என்ற மெக்கானிக்கல் சுவிட்ச் 1.2 மில்லிமீட்டரிலேயே பதிவாகிவிடுகிறது. மேலும், முதல் தொடுதலிலேயே அழுத்தத்தைப் பதிவுசெய்துவிட்டு அதன்பின் வரும் துள்ளலைப் புறக்கணிக்கும் வகையில் மென்பொருளை எழுதினால், மெக்கானிக்கல் சுவிட்சிலும் அழுத்தும் கட்டத்துக்கான தாமதத்தை ஏறக்குறைய நீக்கிவிடலாம். இடையில் வரும் தவறான மின்னதிர்வு ஒன்றும் அழுத்தமாகக் கொள்ளப்படக்கூடும் என்பதே அதிலுள்ள இடர். நல்ல மென்பொருள் கொண்ட மெக்கானிக்கல் பலகை, கவனமின்றிச் செய்யப்பட்ட ஆப்டிக்கல் பலகையை வேகத்தில் வெல்லக்கூடும் என்பதற்கு இவையே காரணம்.

ஆழம் குறைவதற்கு ஒரு விலையும் உண்டு. ஆட்டத்தின் நடுவே நகர்வு விசைகளின் மீது விரல்களைச் சும்மா வைத்திருப்பது வழக்கம். 1 மில்லிமீட்டர் சுவிட்சில் அந்த விரலின் எடையே சில வேளைகளில் விசையை இயக்கிவிடுகிறது. அதே பலகையில் கட்டுரையோ மின்னஞ்சலோ தட்டுபவர், பக்கத்து விசையில் பட்டும் படாமலும் உரசியதெல்லாம் எழுத்தாக விழுவதைக் காண்பார்.

இவற்றைவிட உறுதியாகச் சொல்லக்கூடிய நன்மை நீடித்துழைப்பது. ரேசர் தன் ஆப்டிக்கல் சுவிட்ச் 10 கோடி அழுத்தங்களையும், கோர்சேர் 15 கோடி அழுத்தங்களையும் தாங்கும் என்று அறிவித்திருக்கின்றன. இந்த எண்களை அப்படியே நம்பி ஒப்பிடுவது பொருளற்றது. ஒரே விசையை நாள்தோறும் 10,000 முறை அழுத்தினாலும் 10 கோடியை எட்ட 27 ஆண்டுகள் ஆகும், அதற்குள் வடமும் யு.எஸ்.பி. செருகுமுனையும் விசைமூடியின் எழுத்தும் தேய்ந்துபோயிருக்கும். செர்ரியும் தன் எம்எக்ஸ் சுவிட்சுகள் சிலவற்றுக்கு 10 கோடி என்றே குறிப்பிடுகிறது. கருதத்தக்கது எண்ணிக்கையன்று, பழுதாகும் முறை. மெக்கானிக்கல் சுவிட்ச் தன் ஆயுள் முடிவதற்கு வெகுமுன்பே இரட்டை எழுத்துத் தொல்லையைத் தரத் தொடங்கிவிடலாம். ஆப்டிக்கல் சுவிட்சில் அந்தப் பழுதுக்கே இடமில்லை. கடலோர ஊர்களின் ஈரக்காற்று உலோகத் தொடர்புகளுக்குச் செய்யும் கேடும் இதற்கு ஒரு பொருட்டன்று. தேநீர் கொட்டினால் மட்டும் கதை வேறு: காய்ந்த சர்க்கரைப் படலம் ஒளியின் பாதையை மங்கச்செய்யும், பலகையின் மற்ற மின்னணுப் பகுதிகளும் எல்லாப் பலகைகளையும் போலவே பழுதாகும்.

தட்டும்போது விரலுக்குக் கிடைக்கும் உணர்வில் ஆப்டிக்கல் சுவிட்ச் பின்தங்கி நிற்பதாகவே விசைப்பலகை ஆர்வலர்கள் பலர் கருதுகின்றனர். அதில் நியாயமும் உண்டு. மெக்கானிக்கல் சுவிட்சில் அந்த உலோகத் தகடு மின்தொடர்பு தருவதோடு நிற்பதில்லை. தடையுணர்வு தரும் வகைகளில், தண்டில் உள்ள சிறு மேடு தகட்டைத் தள்ளிக்கொண்டு கடக்கும்போது விரலில் ஒரு மெல்லிய தடை உணரப்படுகிறது, எழுத்து பதிவானதை அந்தத் தடையே தெரிவிக்கிறது. தகடு இல்லாத சுவிட்சில் இந்த உணர்வை வேறொரு பொறியால் செயற்கையாக உண்டாக்கவேண்டியிருக்கிறது. அதனால் ஆப்டிக்கல் வகைகளில் தடையின்றி நேராக இறங்குபவையும், சொடுக்கொலி எழுப்புபவையும் மிகுதியாகக் கிடைக்க, ஒலியின்றித் தடை மட்டும் தரும் நடுத்தர வகை அரிதாகவே காணப்படுகிறது. நேராக இறங்கும் வகையில் தகட்டின் உராய்வு இல்லாததால் விசை வழுக்கிக்கொண்டு இறங்குவது ஒரு நயம்தான். தண்டின் ஆட்டமும், அடியில் இடிக்கும் வெற்றொலியும் அந்த நயத்தைக் கெடுப்பதுண்டு. பின்னர் வந்த ரேசர் சுவிட்சுகளில் உள்ளே சிலிக்கோன் மெத்தை வைத்து அவ்வொலியைத் தணித்திருக்கிறார்கள்.

சொடுக்கு வகையில் மட்டும் ஆப்டிக்கல் அமைப்பு மெக்கானிக்கலை ஒரு படி மிஞ்சுகிறது. செர்ரியின் நீலச் சுவிட்சில் எழுத்து பதிவாகும் ஆழமும், அடுத்த அழுத்தத்துக்கு விசை ஆயத்தமாகும் ஆழமும் வேறுவேறு. ஒரே விசையை விரைந்து இருமுறை தட்டவேண்டுமானால் விரலைக் கணிசமாக மேலே தூக்கியாகவேண்டும். ரேசரின் ஊதாச் சுவிட்சில் இரண்டும் ஒரே ஆழத்தில், 1.5 மில்லிமீட்டரில், நிகழ்கின்றன.

பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் அடுத்த கேள்வி. மெக்கானிக்கல் சுவிட்சுகளை ஈயப்பற்று வைக்காமல் பிடுங்கி மாற்றும் வசதி இப்போது நடுத்தர விலைப் பலகைகளிலேயே கிடைக்கிறது. எம்எக்ஸ் வடிவம் பொதுவாகிவிட்டதால் நூற்றுக்கணக்கான சுவிட்சுகளில் விரும்பியதை வாங்கிப் பொருத்தலாம். ஆப்டிக்கல் சுவிட்சில் உலோகக் கால்களே இல்லாததால் அதைக் கழற்றுவது இன்னும் எளிது. ஆனால் ஒரு நிறுவனத்தின் ஒளி உணர்வான் இருக்கும் இடத்துக்கு மற்றொரு நிறுவனத்தின் தண்டு பொருந்துவதில்லை, மெக்கானிக்கல் சுவிட்சும் அங்கே உட்காராது. பலகையை வாங்கும் அன்றே அதன் வாழ்நாள் முழுமைக்குமான சுவிட்சுக் குடும்பமும் முடிவாகிவிடுகிறது. கழற்றப்படுவது வெறும் நெகிழியும் சுருள்வில்லும்தான். மின்சுற்றுப் பலகையில் உள்ள எல்.இ.டி.யோ உணர்வானோ பழுதானால், தெருமுனைக் கணினிக் கடையில் அதைச் சரிசெய்வது எளிதன்று. விசைக்கு ஒன்றாக நூறு எல்.இ.டி.கள் எரியவேண்டியிருப்பதால், கம்பியில்லாப் பலகைகளில் மின்கலத்துக்கும் அது சுமையாகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எரியவிடாமல் கணநேரத் துடிப்புகளாக எரியச்செய்து இச்சுமையைக் குறைக்கிறார்கள். விசைமூடிகளைப் பொறுத்தவரை கவலையில்லை, பெரும்பாலான ஆப்டிக்கல் சுவிட்சுகளின் தண்டு எம்எக்ஸ் சிலுவை வடிவிலேயே இருக்கிறது.

இதுவரை பேசியது ஒளி வந்ததா இல்லையா என்ற இரண்டே நிலைகளை அறியும் சுவிட்சைப் பற்றியது. எவ்வளவு ஒளி வந்தது என்பதை அளந்தால் விசை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். வூட்டிங்கின் முதல் பலகை செய்தது இதையே. தொடக்கத்தில் இதன் பயன் கார் ஓட்டும் விளையாட்டுகளில் விசையை மெல்ல அழுத்தி மெல்லத் திருப்புவது என்று கருதப்பட்டது. உண்மையான பயன் துப்பாக்கிச்சூட்டு விளையாட்டுகளில் வெளிப்பட்டது. கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டில் ஓடிக்கொண்டே சுட்டால் குறி தப்பும். இடப்புறம் ஓடுபவர் சுடுவதற்கு முன் இடப்பக்க விசையை விட்டுவிட்டு வலப்பக்க விசையைக் கணநேரம் தட்டி நின்றாகவேண்டும். சாதாரண சுவிட்சில், ஆழமாக அழுத்திய இடப்பக்க விசை குறிப்பிட்ட உயரத்துக்கு எழும்பும்வரை அது விடுபட்டதாகக் கணினி ஏற்பதில்லை, அந்தக் கணங்களில் குறி தப்பிவிடுகிறது. ஆழத்தை இடைவிடாது அளக்கும் சுவிட்சில், விரல் எந்த ஆழத்தில் இருந்தாலும், 0.1 மில்லிமீட்டர் அளவு மேலே எழும்பியவுடனேயே விசை விடுபட்டதாகவும், மீண்டும் அதே அளவு இறங்கியதும் அழுத்தப்பட்டதாகவும் கொள்ளலாம். 'ரேப்பிட் டிரிகர்' எனப்படும் இந்த வசதிதான், டிபவுன்ஸ் சேமிப்பை அற்பமாக்கிவிடும் அளவுக்கு ஆட்டத்தின் போக்கையே மாற்றியது.

இதன் பலனை ஒளியே முழுதும் அறுவடை செய்யவில்லை என்பது வேடிக்கை. மின்சாரம் பாயும் கடத்தியின் மீது காந்தப்புலம் உண்டாக்கும் விளைவை 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்தார். தண்டில் ஒரு சிறு காந்தத்தையும் பலகையில் ஒரு ஹால் உணர்வானையும் வைத்தால், காந்தம் நெருங்கி வரும் அளவைக் கொண்டு ஆழத்தை அளந்துவிடலாம். இதில் ஒளியை உமிழ எதுவும் எரியவேண்டியதில்லை. ஸ்டீல்சீரிஸ் நிறுவனம் 2019இல் இவ்வகைப் பலகையை வெளியிட்டது. ஒளியோடு தொடங்கிய வூட்டிங்கே பின்னர் காந்தத்துக்கு மாறியது, அதன் 60எச்இ பலகை போட்டியாளர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. காந்தத்துக்கும் தொல்லைகள் உண்டு: வெப்பநிலை மாறும்போது அளவீடு சற்று நகரும், அவ்வப்போது அளவைத் திருத்திக்கொள்ளவேண்டும். இருப்பினும் இன்று உயர்மட்டப் போட்டிகளுக்கென்று விற்கப்படும் பலகைகளில் காந்த வகையே மிகுதி. இரண்டு நிலைகளை மட்டும் அறியும் ஆப்டிக்கல் சுவிட்ச், மெக்கானிக்கலைவிடச் சற்று விரைவானதாகவும் காந்த வகையைவிடக் குறைந்த திறனுடையதாகவும் இடையில் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது.

ஒளியைக் கைவிடாத பெரிய நிறுவனம் ரேசர். 2023இல் வந்த அதன் ஹன்ட்ஸ்மேன் வி3 புரோ, ஒளியின் அளவைக் கொண்டே 0.1 முதல் 4 மில்லிமீட்டர் வரை விரும்பிய ஆழத்தில் பதிவை வைத்துக்கொள்ளவும் ரேப்பிட் டிரிகரைப் பயன்படுத்தவும் இடமளிக்கிறது. 2024 ஜூலையில் அதே பலகைக்கு 'ஸ்னாப் டாப்' என்ற வசதியை ரேசர் மென்பொருள் வழியாக வழங்கியது: எதிரெதிர்த் திசைகளுக்கான இரண்டு விசைகளும் ஒருசேர அழுத்தப்பட்டிருந்தால், முதல் விசையை விரல் விடாதபோதும், கடைசியாக அழுத்தியதை மட்டுமே பலகை கணினிக்கு அனுப்பும். விரலை நேரம் பார்த்து எடுத்து வைக்கும் பயிற்சி பல ஆண்டுகளில் கைகூடுவது. அதைப் பலகையே செய்து தரத் தொடங்கியதும் விளையாட்டாளர்களிடையே கடும் வாதம் எழுந்தது. அடுத்த மாதமே கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம், இத்தகைய தானியங்கி உதவியோடு ஆடுவோர் தன் அதிகாரபூர்வ ஆட்டங்களிலிருந்து வெளியேற்றப்படுவர் என்று அறிவித்தது. ரேப்பிட் டிரிகருக்கு இத்தடை பொருந்தாது. விசையில் ஒளி இருக்கிறதா காந்தம் இருக்கிறதா என்பதைப் பற்றியும் அந்த அறிவிப்பு கவலைப்படவில்லை. ஒரே விரலசைவிலிருந்து இரண்டு விரல்களின் வேலையைப் பலகை செய்கிறதா என்பதையே அது பார்க்கிறது. ஆகவே வி3 புரோ வைத்திருப்பவர் அந்த ஆட்டத்தில் நுழைவதற்கு முன் ஸ்னாப் டாப்பை அணைத்துவைக்கவேண்டியிருக்கிறது.